விஎம் உடைந்தால் பெட்டி உடையுமா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பத்துப் பன்னிரண்டு சின்ன அலுவலகங்களின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். மருந்துக்கடை, கணக்காய்வு அலுவலகம், ரியூசன் சென்ரர், இப்படியான இடங்கள். பெரும்பாலானவற்றில் மேசைக்குக் கீழே ஒரே ஒரு பெட்டி. அதற்குள் மூன்று நான்கு வேர்ச்சுவல் மெஷின். பின்னேரங்களில் கம்பஸ் பிள்ளைகள் சிலருக்கு லினக்ஸும் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பக்கத்தாரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணை, எங்கட ஒபிஸில ஒரு பெட்டிதான் இருக்கு. நீங்கள் நாலு சேர்வர் எண்டுறீங்கள். எங்க மிச்சம் மூண்டும்?

எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். உண்மையான இரும்புப் பெட்டி ஒன்று. அதில் ஓடும் இயங்குதளத்தை ஹோஸ்ட் என்போம். அந்த ஹோஸ்ட், தன் நினைவகத்திலும் புரொசெசரிலும் வன்தட்டிலும் பங்கு பிரித்துக் கொடுத்து, கணினி மாதிரி நடிக்கும் பல கணினிகளை ஓட்டுகிறது. அவைதான் வேர்ச்சுவல் மெஷின்கள், சுருக்கமாக விஎம். அவற்றுக்குள் ஓடும் இயங்குதளம் கெஸ்ட். கெஸ்ட்டுக்குத் தான் வாடகைக்கு இருக்கிறோம் என்பது பெரும்பாலும் தெரியாது. தனக்கென்று நெற்வேர்க் கார்ட் இருக்கிறது, வன்தட்டு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

கேர்னல் எண்டுறது லினக்ஸுக்கு மட்டும் உள்ளதோ?

இல்லை. விண்டோஸுக்கும் உண்டு, உங்கள் போனுக்கும் உண்டு. இயங்குதளத்தின் அடிப்பகுதி அது. நினைவகத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எந்த நிரல் எப்போது ஓடுவது, வன்பொருளோடு பேசுவது எல்லாம் அதன் வேலை. மற்ற நிரல்கள் எல்லாம் அதனிடம் கேட்டுத்தான் எதையும் செய்யலாம். அதைக் கேள்வி கேட்க ஆளில்லை. அதனால்தான் கேர்னலில் ஒரு பிழை என்றால், சாதாரண மென்பொருளில் வரும் பிழையை விடப் பத்து மடங்கு கவலைப்படுகிறோம்.

இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் லினக்ஸ் ஹோஸ்ட் பற்றியது. லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே கேவிஎம் என்ற பகுதி இருக்கிறது. விஎம்களை ஓட்டுவது அதுதான். கூட கியூஎமு என்றொரு சாதாரண நிரல் ஓடி, கெஸ்ட்டுக்குத் தேவையான போலி வன்பொருளைக் காட்டும். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் வைத்திருக்கும், விஎம்களை நிர்வகிக்கும் புரொக்ஸ்மொக்ஸ் என்ற மென்பொருளும் உள்ளுக்குள் இந்த இரண்டும்தான்.

விஎம்முக்குள்ள வைரஸ் வந்தாலும் வெளியில வராது எண்டுதானே எங்களுக்குப் படிப்பிச்சவை?

படிப்பித்தது பிழையில்லை, பாதிதான் படிப்பித்திருக்கிறார்கள். சாதாரண வைரஸ் வெளியே வராது. ஆனால் கெஸ்ட்டும் ஹோஸ்ட்டும் ஒன்றோடொன்று பேசாமல் இருக்கவே முடியாது. ஒரு நெற்வேர்க் பொதி (அனுப்பும் தரவின் ஒரு துண்டு) வரும்போதும் ஒரு கோப்பை எழுதும்போதும் கெஸ்ட் ஏதோ ஒரு வடிவில் ஹோஸ்ட்டிடம் கேட்கிறது. அந்தக் கேள்வியை வாசிக்கிற நிரலில் பிழை இருந்தால், சுவரில் அந்த இடத்தில் ஓட்டை.

கேட்கிறவன் கெஸ்ட், வாசிக்கிறவன் ஹோஸ்ட் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

2019இல ஏதோ பெரிய ஓட்டை எண்டு சொன்னியள். பேரை மட்டும் சொல்லாமல் விளங்கப்படுத்துங்கோ.

அதன் எண் சிவிஇ-2019-14835 (பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பொதுவாகக் கொடுக்கும் பட்டியல் எண் அது). வி-கோஸ்ட் என்று செல்லப்பெயரும் உண்டு. டென்சென்ட் நிறுவனத்தின் பிளேட் ஆய்வுக் குழு கண்டுபிடித்து, 2019 செப்டெம்பர் 17 அன்று வெளியே வந்தது. லினக்ஸ் கேர்னல் 2.6.34 முதல் 5.2 வரிசை வரை எல்லாவற்றிலும் இருந்த பிழை.

கதை இதுதான். கெஸ்ட்டின் நெற்வேர்க் போக்குவரத்தை முதலில் கியூஎமுதான் கவனித்தது. அது சாதாரண நிரல், கொஞ்சம் மெதுவானது. வேகத்துக்காக அந்த வேலையைத் தூக்கிக் கேர்னலுக்குள்ளேயே வைத்தார்கள். அந்தப் பகுதிக்குப் பெயர் வீஹோஸ்ட். வேகம் நன்றாகவே கூடியது. ஆனால் முன்பு ஒரு நிரலுக்குள் முடிந்துபோயிருக்கக்கூடிய பிழை, இப்போது ஹோஸ்ட்டின் கேர்னலில் நடக்கும் பிழையாகிவிட்டது. எனக்கு இந்தக் கதையில் உறுத்துகிற இடம் அதுதான்.

பிழை வெளிப்படுவது லைவ் மைக்ரேஷன் நேரத்தில். ஒரு விஎம்மை நிறுத்தாமலே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றுவதை அப்படிச் சொல்வார்கள். நினைவகத்தை நகலெடுக்கும்போதே கெஸ்ட் வேலை செய்துகொண்டிருப்பதால், நகலெடுத்த பிறகு மாறிய பகுதிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, அவற்றைத் திரும்ப நகலெடுக்க வேண்டும். வீஹோஸ்ட்டும் தான் எழுதிய இடங்களை அந்தக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். அந்தக் குறிப்பேடு நிரம்பி வழிந்ததுதான் ஓட்டை.

குறிப்பேடு நிரம்பினால் நிப்பாட்ட மாட்டினமோ? அதையும் பாக்காமலோ கேர்னல் எழுதினவை?

பார்த்துத்தான் எழுதினார்கள். பார்த்த இடம் வேறு. இதைப் பிள்ளைகளுக்கு எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையை வைத்துத்தான் சொல்லுவேன்.

சந்தையில் வெங்காய லொறிகள் வருகின்றன. கணக்கப்பிள்ளையின் களஞ்சியத்தில் 1024 மூட்டைக்குத்தான் இடம். அவர் கையில் உள்ள கொப்பியிலும் 1024 வரிகள்தான். ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் மூட்டைக் கணக்கையும் சொல்ல, அவர் ஒரு வரி எழுதுவார். ஒரு ஆள் குறைந்தது ஒரு மூட்டையாவது கொண்டுவருவார்தானே? அப்போ வரிகளின் எண்ணிக்கை மூட்டைகளின் எண்ணிக்கையைத் தாண்டவே தாண்டாது. ஆகவே மூட்டையை மட்டும் எண்ணினால் போதும், கொப்பியை எண்ணத் தேவையில்லை. கணக்கப்பிள்ளை நினைத்தது சரிதான், ஒரு வில்லங்கமான ஆள் வரும் வரைக்கும்.

அவன் வந்து சொல்கிறான்: "பூச்சியம் மூட்டை." மூட்டைக் கணக்கு ஏறவில்லை. ஆனால் கணக்கப்பிள்ளை ஒரு வரி எழுதிவிட்டார். திரும்பவும் பூச்சியம், இன்னொரு வரி. இப்படியே ஆயிரம் தடவை. 1024ஆவது வரியும் முடிந்த பிறகு, தலை நிமிர்ந்து பாராத கணக்கப்பிள்ளை மேசையில் எழுதுகிறார். மேசை முடிய, பக்கத்தில் கிடக்கும் வேறொருவரின் கடன் கொப்பியில் எழுதுகிறார்.

கேர்னலில் நடந்தது அச்சொட்டாக இதுதான். கெஸ்ட் தன் பொதிகளை வைக்க இடங்களைப் பட்டியலாகக் கொடுக்கும்: இந்த முகவரி, இவ்வளவு நீளம். நீளம் பூச்சியம் என்றால் இடங்களின் கணக்கு ஏறாது, குறிப்பேட்டின் வரி மட்டும் ஏறும். குறிப்பேட்டில் 1024 இடம். அதைத் தாண்டியதும் கேர்னல் தன் நினைவகத்தில் வேறு எதன் மேலோ எழுதத் தொடங்கும். சும்மா செய்தால் ஹோஸ்ட் விழுந்துவிடும். கெட்டிக்காரன் செய்தால், ஹோஸ்ட்டின் அதிகாரமே அவன் கைக்கு வரலாம்.

திருத்தம் எவ்வளவு பெரியது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீளம் பூச்சியம் என்றால் குறிப்பேட்டில் வரி எழுதாதே என்ற ஒரு நிபந்தனை, இரண்டு இடங்களில். அவ்வளவுதான்.

ஒன்பது வருசமா ஒருத்தரும் காணேல்லையா? திறந்த மூலம் எண்டால் ஆயிரம் கண் பாக்கும் எண்டுவினம்?

2.6.34 வெளிவந்தது 2010இல். ஆகவே ஒன்பது வருடம் என்பது சரி. நிரல் திறந்துதான் கிடந்தது. கணக்கப்பிள்ளைக் கதையைத் திரும்பப் பாருங்கள்: ஒவ்வொரு வரியும் தனித்தனியே சரியாகத்தான் இருக்கிறது. "வரிகள் மூட்டைகளைத் தாண்டாது" என்ற நம்பிக்கை எந்த வரியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாததைக் கண்கள் தேடாது. ஒழுங்கான கெஸ்ட் எதுவும் பூச்சிய நீளத்தை அனுப்பாது என்பதால் பரிசோதனையிலும் அகப்படவில்லை.

எங்களிட்ட ஒரு சேர்வர்தான். மைக்ரேஷனே செய்யிறேல்லை. அப்ப எங்களுக்கு இது சம்பந்தமில்லைத்தானே?

இந்தக் குறிப்பிட்ட ஓட்டை பெரும்பாலும் சம்பந்தமில்லை. ஒரே பெட்டி என்றால் விஎம்மை மாற்ற வேறு பெட்டி இல்லை; குறிப்பேடும் திறக்கப்படாது. உங்களைப் பயமுறுத்தி வேலை பிடிக்க வேண்டிய தேவை எனக்கில்லை.

ஆனால் நீங்கள் கேட்கிற கேள்வி, "என் ஹோஸ்ட்டை அப்டேற் பண்ணாமல் விடலாமா" என்பதுதான் என்றால், பதில் இல்லை. ஒரு ஓட்டைக்கு நீங்கள் தப்பியது உங்கள் அமைப்பின் அதிர்ஷ்டம். அடுத்தது வேறு இடத்தில் வரும்.

விஎம்முக்குள்ள ஒவ்வொரு கிழமையும் அப்டேற் போடுறன். அது காணாதோ?

இதில் என் பிழையையே சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் நான்கு விஎம்களையும் இரண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் அப்டேற் செய்து வந்தேன். கொப்பியில் திகதி போட்டுக் கையெழுத்தும் வைப்பேன். ஒருநாள் வேறொரு காரணத்துக்காக ஹோஸ்ட்டுக்குள் நுழைந்து அது எவ்வளவு நாளாக ஓடுகிறது என்று பார்த்தேன்: 611 நாள். அதற்குள் அது ஒரு தடவைகூட றீபூட் ஆகவில்லை. கேர்னல், நிறுவிய நாளில் இருந்ததேதான். ஜெனரேற்றரும் யூபிஎஸ்ஸும் நல்லவை என்று பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

கெஸ்ட்டில் போடும் அப்டேற் கெஸ்ட்டைக் காக்கும். மேலே சொன்ன குறிப்பேட்டுப் பிழை இருப்பது ஹோஸ்ட்டின் கேர்னலில். கெஸ்ட்டில் எத்தனை அப்டேற் போட்டாலும் அதைத் தொடாது. அதைவிட, பூச்சியம் மூட்டை சொல்லுகிறவனே கெஸ்ட்டுக்குள் இருக்கிறவன். கெஸ்ட் அவன் கையில் போன பிறகு, அங்கே நீங்கள் போட்ட அப்டேற்றை அவன் மதிக்கப் போவதில்லை.

ஹோஸ்ட்டில அப்டேற் போட்டாச்சு. றீபூட் பண்ணத்தான் வேணுமோ? நல்லூர்த் திருவிழா முடியட்டுமே?

கேர்னல் அப்டேற் என்றால் றீபூட் வேண்டும். புதிய கேர்னல் வன்தட்டில் வந்து உட்கார்ந்திருக்கும், ஓடுவது பழையதே. யூநேம் கட்டளையை -r சேர்த்துக் கொடுத்தால் ஓடும் கேர்னலின் எண் வரும். அதையும் பூட் அடைவில் உள்ள புதிய கோப்பின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு என்றால் நீங்கள் இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறீர்கள். உபுண்டுவில் உள்நுழையும்போதே றீஸ்ராட் தேவை என்று ஒரு வரி காட்டும். அதைப் பார்த்துப் பழகி, கண்ணில் படாமலே போய்விடுகிறது.

திருவிழா 25 நாள். அந்த 25 நாளும் கடைக்காரருக்கு உழைப்பு நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஹோஸ்ட் நான்கு விஎம்மோடு எழும்பி வர என் அனுபவத்தில் பத்து நிமிடம் போகும். விடிய ஐந்து மணிக்குச் செய்தால் பூசைக்குப் போகிறவருக்கும் தெரியாது, கடைக்கு வருகிறவருக்கும் தெரியாது. றீபூட் செய்யாமலே திருத்தத்தைப் புகுத்தும் லைவ் பட்சிங் வசதியும் இருக்கிறது. 2015இல் கேர்னல் 4.0 முதல் லினக்ஸிலேயே உண்டு. உபுண்டு தன் சேவையைத் தனிப்பட்ட பாவனைக்கு 5 இயந்திரங்கள் வரை இலவசமாகத் தருகிறது. எல்லாத் திருத்தத்தையும் அப்படிப் போட முடியாது; றீபூட்டை ஒத்திப்போட அது உதவும், அவ்வளவே.

கரண்ட் போய் வந்தால் அதுவே றீபூட் ஆகிடும்தானே அண்ணை?

சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி நியாயமானது. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்த காலத்தில், பல ஹோஸ்ட்டுகள் தங்களை அறியாமலே புதிய கேர்னலுக்கு மாறியிருக்கும்.

புதிய கேர்னல் முன்பே நிறுவப்பட்டிருந்தால் கரண்ட் வந்ததும் பெட்டி அதிலேயே எழும்பும். ஆனால் திடீரென்று விழும் ஹோஸ்ட்டோடு நான்கு கெஸ்ட்டும் ஒன்றாக விழுகின்றன. அதில் ஒன்றில் தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் இருந்தால், அடுத்த நாள் காலை என் போன் அடிக்கும். முதலில் விஎம்களை ஒழுங்காக நிறுத்தி, பிறகு ஹோஸ்ட்டை நிறுத்துங்கள். யூபிஎஸ் இருந்தால், பற்றரி குறையும்போது அதுவே இதைச் செய்யும்படி அமைக்கலாம். அந்த யூஎஸ்பி வயரை இணைக்காமல் விட்டிருக்கிற இடங்களை எண்ணி முடியாது.

நான் கம்பஸ். விண்டோஸ் லப்டொப்பில வேர்ச்சுவல்பொக்ஸ் வச்சுத்தான் லினக்ஸ் படிக்கிறன். எனக்கும் பிரச்சினையோ?

வீஹோஸ்ட் லினக்ஸ் கேர்னலுக்குரியது. விண்டோஸ் ஹோஸ்ட்டில் அது இல்லை. ஆனால் கேட்கிறவன் கெஸ்ட், வாசிக்கிறவன் ஹோஸ்ட் என்ற விதி உனக்கும்தான் தம்பி. 2018 நவம்பரில் வேர்ச்சுவல்பொக்ஸின் போலி நெற்வேர்க் கார்ட்டில் ஒரு ஓட்டை வெளியானது. கண்டுபிடித்தவர் அதைத் தயாரிக்கும் ஒராக்கிளுக்குச் சொல்லாமல் நேரே வெளியிட்டார். 5.2.20இல் இருந்த பிழை, 5.2.22இல் திருத்தப்பட்டது. யாரோ பென்டிரைவில் தந்த பழைய பதிப்பை மூன்று வருடம் வைத்திருக்காதே.

டொக்கர் கொன்டெய்னரும் விஎம் மாதிரித்தானே? அதுக்கும் இந்தச் சுவர் இருக்கா?

விஎம்முக்குத் தன் சொந்தக் கேர்னல் உண்டு. கொன்டெய்னர் என்பது ஒரு நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் முறை. அதற்குச் சொந்தக் கேர்னல் இல்லை, அது ஹோஸ்ட்டின் கேர்னலையே நேரடியாகப் பாவிக்கிறது. விஎம் வேறு வீடு என்றால் கொன்டெய்னர் அதே வீட்டில் ஒரு அறை. 2022 மார்ச்சில் வெளியான டேர்ட்டி பைப் என்ற கேர்னல் பிழையால், வாசிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்புகளில்கூடச் சாதாரணப் பயனர் எழுத முடிந்தது. அப்படியொன்று வரும்போது, அறைக்குள் இருப்பவனுக்கு முழு வீடும் எட்டும். நம்பிக்கையில்லாத நிரலை ஓட்ட வேண்டியிருந்தால் கொன்டெய்னரை ஒரு விஎம்முக்குள் வைத்து ஓட்டுங்கள்.

மெல்ற்டவுன், ஸ்பெக்டர் எண்டு சொன்னவை. அதுவும் இதுவும் ஒண்டோ?

இல்லை. 2018 ஜனவரியில் வெளியான அவை புரொசெசரின் குறைகள். வேகத்துக்காகப் புரொசெசர் அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலை செய்கிறது. ஊகம் பிழைத்தால் செய்ததை அழித்துவிடும், ஆனால் அதன் தடம் கேஷ் எனப்படும் புரொசெசரின் சின்ன வேக நினைவகத்தில் மிஞ்சும். அந்தத் தடத்தை வைத்துப் பக்கத்து வீட்டின் இரகசியத்தை வாசிக்கலாம். இங்கே யாரும் எதையும் மாற்றி எழுதுவதில்லை, எட்டிப்பார்ப்பதுதான்.

வன்பொருளைக் கழற்றி மாற்ற முடியாது என்பதால் திருத்தத்தின் பெரும்பகுதி கேர்னலின் தலையில் விழுந்தது. அதே வருடம் ஓகஸ்டில் வெளியான இன்ரெல் குறை ஒன்றுக்காக, கேவிஎம் ஒரு விஎம்முக்குள் நுழையும்போது கேஷைக் கழுவிவிட வேண்டிவந்தது. 2025 செப்டெம்பரிலும் ஈடிஎச் சூரிச் ஆய்வாளர்கள் விஎம்ஸ்கேப் என்ற பெயரில் இதே இனத்தில் ஒன்றைக் காட்டினார்கள். இந்த வகை இன்னும் முடியவில்லை.

ஃபுளொப்பி டிரைவால சேர்வரை உடைக்கலாம் எண்டு ஒருத்தர் சொன்னார். பகிடியோ?

பகிடியில்லை. 2015 மே மாதம் வெளியான வெனம் என்ற ஓட்டை அது. கியூஎமு போலியாகக் காட்டும் ஃபுளொப்பிக் கட்டுப்படுத்தியில் இருந்த பிழை; அந்த நிரல் 2004இல் எழுதப்பட்டது. விஎம்மில் ஃபுளொப்பியே வைக்காவிட்டாலும் கட்டுப்படுத்தியின் நிரல் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை. இது கேர்னலில் அல்ல, கியூஎமுவில். உடைத்தவனுக்குக் கிடைப்பது அந்த நிரலின் அதிகாரம். மேலே வீஹோஸ்ட் கதையில் நான் முறைப்பட்டது இந்த வித்தியாசத்தைத்தான்.

கிளவுட்டில வச்சால் இந்தத் தலையிடியே இல்லைத்தானே?

ஹோஸ்ட்டின் தலையிடி அவர்களுடையது. கெஸ்ட்டின் தலையிடி உங்களுடையதே. அங்கேயும் றீபூட் இருக்கிறது, உங்களிடம் கேட்காமல் நடக்கும். 2014 செப்டெம்பர் கடைசியில் அமேசன், வாடகைக்கு விடும் தன் ஈசி2 சேர்வர்களில் பத்து வீதத்துக்கும் குறைவான ஒரு பகுதியை அவசரமாக றீபூட் செய்தது. காரணம் ஒக்டோபர் 1 அன்று வெளியானது: ஸென் என்ற ஹைப்பர்வைசரில் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்), 256 பதிவேடுகளை மட்டும் அனுமதிக்க வேண்டிய இடத்தில் 1024ஐ அனுமதித்திருந்தார்கள். கெஸ்ட் தனக்குரியதல்லாத நினைவகத்தை வாசிக்க முடிந்தது. திரும்பவும் எண்ணிக்கைப் பிழைதான், பாருங்கள்.

விஎம்முக்குள்ள விஎம் ஓட்டிப் படிப்பிக்கிறம். அதில ஏதும் கூடுதல் ஆபத்து இருக்கோ?

இருக்கிறது. நெஸ்ரட் வேர்ச்சுவலைசேஷன் என்ற இந்த வசதிக்காகக் கேர்னல் ஒரு சிக்கலான நாடகத்தை ஆட வேண்டியிருக்கிறது: கெஸ்ட் தன்னை ஹோஸ்ட் என்று நினைக்க வேண்டும். 2021இல் கூகிளின் புரொஜெக்ட் ஸீரோ குழுவைச் சேர்ந்த ஃபீலிக்ஸ் வில்ஹெல்ம், ஏஎம்டி புரொசெசர்களுக்கான இந்தப் பகுதியில் ஒரு பிழையைக் காட்டினார். கியூஎமுவின் உதவியே இல்லாமல், கேவிஎம் வழியாக மட்டும் வெளியே வரும் வழி அது.

காணி உறுதி எழுதுவதை நினைத்துப் பாருங்கள். நொத்தாரிசு பத்திரத்தை வாசித்துச் சரி பார்த்துவிட்டு, பேனா எடுக்கத் திரும்புகிறார். அந்த நேரத்துக்குள் மேசையில் இருந்த பத்திரம் மாற்றப்படுகிறது. அவர் கையெழுத்து வைப்பது வேறு பத்திரத்தில். கேர்னல் கெஸ்ட்டின் நினைவகத்திலிருந்து ஒரு பெறுமதியை ஒருமுறை வாசித்துச் சோதித்தது, இன்னொருமுறை வாசித்துப் பாவித்தது. இடையில் கெஸ்ட் அதை மாற்றிவிட்டது. 5.10இல் நுழைந்த பிழை, 2021 மார்ச் கடைசியிலேயே திருத்தப்பட்டதால் பரவலாகப் போகவில்லை. வகுப்புக்குத் தேவையென்றால் நெஸ்ரட்டை அந்த ஒரு பெட்டியில் மட்டும் வையுங்கள். மருந்துக்கடையின் கணக்கு ஓடும் பெட்டியில் அது எதற்கு?

அந்த வீஹோஸ்ட்டையே நிப்பாட்டிப் போட்டால் என்ன?

நிறுத்தலாம். விஎம்களை நிர்வகிக்கும் லிப்வேர்ட் என்ற மென்பொருளின் அமைப்பில், நெற்வேர்க் இடைமுகத்தின் டிரைவராக வீஹோஸ்ட்டுக்குப் பதிலாகக் கியூஎமு என்று போட்டு, விஎம்மை முழுதாக நிறுத்தி மீண்டும் தொடங்கினால், போக்குவரத்து பழையபடி கியூஎமு வழியாகப் போகும். 2019இல் திருத்தம் கிடைக்கும் வரை சொல்லப்பட்ட தற்காலிக வழிகளில் இதுவும் ஒன்று; மற்றது லைவ் மைக்ரேஷனை நிறுத்திவைப்பது. நிரந்தரமாக வைத்தால் வேகம் குறைவதை உணர்வீர்கள். பத்துப் பேர் உள்ள அலுவலகத்தில் அது பெரிதாகத் தெரியாமலும் போகலாம். ஆனால் நான் செய்வதில்லை. திருத்திய கேர்னல் இருக்கும்போது இது தேவையற்ற வேலை.

இதெல்லாம் ஆராய்ச்சிக்காரரின்ர விளையாட்டு. உண்மையில ஆரும் இப்பிடி வெளியில வந்திருக்கினமோ?

முதலில், வி-கோஸ்ட் போன்றதற்குக் கெஸ்ட்டுக்குள் ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரம் வேண்டும். அதாவது ஒருவன் உங்கள் விஎம்மை முழுதாகப் பிடித்த பிறகுதான் அடுத்த அடி. ஆனால் அடிகளைத் தொடுக்கலாம். 2017இல் பவ்ன்ரூஓன் என்ற, மென்பொருளை உடைத்துக் காட்டும் போட்டியில் ஒரு சீன அணி, எட்ஜ் உலாவியில் ஒரு பிழை, விண்டோஸ் கேர்னலில் ஒரு பிழை, விஎம்களை ஓட்டும் விஎம்வெயார் மென்பொருளில் ஒரு பிழை என்று மூன்றையும் கோத்து, ஒரு இணையப் பக்கத்தைத் திறந்ததிலிருந்தே விஎம்முக்கு வெளியே வந்து காட்டியது. பரிசு 1,05,000 டொலர். கேவிஎம்மிலிருந்து முழுதாக வெளியே வருகிறவருக்குக் கூகிள் 2024 முதல் 2,50,000 டொலர் தருவதாக அறிவித்திருக்கிறது. இவ்வளவு விலை என்றால், அது கஷ்டமான வேலை என்றும் அர்த்தம், தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் அர்த்தம்.

போட்டிக்கு வெளியிலும் நடந்திருக்கிறது. 2025 மார்ச் 4 அன்று விஎம்வெயாரின் சேர்வர் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸைக்கு மூன்று ஓட்டைகளுக்கான திருத்தம் வந்தபோது, அவை ஏற்கெனவே தாக்குதலில் பாவிக்கப்பட்டதாக நிறுவனமே சொன்னது. அதில் ஒன்று, சோதித்த பிறகு பெறுமதி மாறுகிற அதே நொத்தாரிசுப் பிழை.

பக்கப் எல்லாம் அதே பெட்டியில இன்னொரு விஎம்முக்குள்ள இருக்கு. காணும்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குக் கீழே பெட்டி, அதன் மேல் பழைய பத்திரிகைக் கட்டு, ஒரு தேநீர்க் கோப்பை. உள்ளே ஐந்து விஎம். ஐந்தாவதுக்குப் பெயரே பக்கப்.

ஹோஸ்ட்டைப் பிடித்தவனுக்கு ஐந்தும் வன்தட்டில் உள்ள ஐந்து கோப்புகள். பக்கப் என்று பெயர் வைத்திருப்பது அவனுக்கு வழிகாட்டும் பலகை மாதிரி. வெளியே கழற்றி வைக்கக்கூடிய வன்தட்டு இரண்டு வாங்குங்கள், கிழமைக்கு ஒன்றாக மாற்றுங்கள், கழற்றியதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றேன். ஒன்று வாங்கியிருக்கிறார். போன கிழமை போய்ப் பார்த்தபோது அது பெட்டியிலேயே செருகியபடி இருந்தது, தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில்.